இனியனைக் கொடுத்துத் திருமூர்த்தியை வாங்கியது

வான்மதி: ...நான் ஒண்ணுமே சொல்லலையே. நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க.

செழியன்: சொல்லல. ஆனா சிரிக்கிற.

வான்மதி: சிரிக்கக் கூடாதா? ஃபைனல்ல தோத்தது உங்க டீம். அதுக்கு நானும் சேர்ந்து துக்கம் கொண்டாடணுமா?

செழியன்: மெதுவாப் பேசு. பின்னாடி அண்ணன் தூங்கறாரு.

திருமூர்த்தி: தூங்கலைப்பா. முட்டி வலிக்குது, கண்ணை மூடிக்கிட்டிருக்கேன்.

வான்மதி: ஐஸ் பை நழுவாம பிடிச்சுக்குங்கண்ணா. இப்ப ஹில்ஸ்பரோ வந்துரும், உங்க வீட்டு வாசல்லயே இறக்கி விட்டுடறோம். ஆமா... கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கடைசியில அவ்வளவு நல்லா அடிச்சீங்களே, ஏன் ஓடல?

திருமூர்த்தி: பந்து நேரா ஃபீல்டர்கிட்ட போச்சும்மா. அதுக்கு எவனாவது ஓடுவானா? ரன் அவுட் ஆயிருப்பேன்.

செழியன்: அண்ணா! இது கிரிக்கெட் இல்ல, பேஸ்பால். அடிச்சா ஓடித்தான் ஆகணும். தலையால தண்ணி குடிச்சு சொல்லியிருக்கேன்.

திருமூர்த்தி: ஈரோட்டுல காலேஜ் டீமுக்கு ஓபனிங் ஆடினவன்பா நான். கால் தானா நின்னுருது.

வான்மதி: போன மேட்ச்ல ஓடினாரே?

செழியன்: ஓடினாரு. பேட்டையும் தூக்கிக்கிட்டு! போய் பேஸ்ல பேட்டை நீட்டித் தேய்ச்சாரு. அம்பயர் வெள்ளைக்காரன், மிரண்டு ரெண்டடி பின்னாடி போயிட்டான்.

திருமூர்த்தி: அவுட் இல்லைன்னுதானே சொன்னான்?

செழியன்: அவுட்டுன்னு சொன்னான்ணா.

வான்மதி: பாவம், விடுங்க. ஜெயிச்சவங்க ஜெயிச்சாங்க. பிரிட்ஜ்வாட்டர்காரங்களுக்கு அந்த பெரிய அடி அடிச்சது யாரு?

செழியன்: தெரியாத மாதிரி கேக்கற.

வான்மதி: பேரைச் சொன்னா நாக்கு வெந்துருமா?

செழியன்: இனியன். போதுமா?

வான்மதி: என்னா அடி! பந்து பார்க்கிங் லாட் வரைக்கும் போச்சு.

செழியன்: நம்ம கார் மேலதான் விழுந்துச்சு. இதோ, கண்ணாடியில உன் மூஞ்சிக்கு நேரா விரிசல். இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட என்னன்னு சொல்றது?

வான்மதி: ஜூன் மாசம் வரைக்கும் எங்க பிளெய்ன்ஸ்பரோ டீம்ல இருந்த பையன்தான் சார் அடிச்சான், நாங்களேதான் அவனை எதிரி டீமுக்குத் தூக்கிக் குடுத்தோம்னு சொல்லுங்க.

செழியன்: தூக்கிக் குடுக்கல. டிரேட். சீசன் பாதியில ஆள் மாத்திக்கலாம்னு நியூ ஜெர்சி தமிழ்ச் சங்கத்து லீக்லயே ரூல் இருக்கு.

வான்மதி: ஒரு ஆளுக்கு ஒரு ஆள்னுதானே ரூல்? நீங்க இனியனைக் குடுத்தீங்க. போதாதுன்னு நம்ம டீம் ஆதிஃபையும் குடுத்தீங்க. அதுக்கும் மேல என் ஐஸ் பாக்ஸையும் குடுத்தீங்க. வாங்கினது...

திருமூர்த்தி: என்னை. சொல்லும்மா, எனக்கென்ன.

வான்மதி: ஐயோ, உங்களைக் குறை சொல்லலண்ணா.

செழியன்: நான் என்ன பண்ணட்டும்? அவங்க கேப்டன் சிவராமகிருஷ்ணன் கெஞ்சினான். பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல, பெருமாளுக்கு முன்னாடி நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். சந்நிதியில கேட்டா எப்படி இல்லேங்கறது?

வான்மதி: பெருமாளே பேஸ்பாலுக்கு ஆள் கேட்ட மாதிரி...

திருமூர்த்தி: இங்க நிறுத்துப்பா, இந்த மெயில் பாக்ஸ்தான்... செழியா, ஒண்ணு சொல்லட்டுமா? சிவராமகிருஷ்ணன் எங்கப்பா கெஞ்சினான்? உன் போன் வந்தப்ப நான் அவன் வீட்லதான் தோசை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்.

செழியன்: அண்ணா, கதவைப் பார்த்து...

திருமூர்த்தி: "இனியனை எடுத்துக்கோ, பதிலுக்கு யாரை வேணா குடு"ன்னே. அந்த யாரை வேணாதான்பா நான். பரவால்ல. உங்க வீட்டுச் சாப்பாடு நல்லா இருக்கு. வரேன்மா.

வான்மதி: பார்த்து இறங்குங்கண்ணா.

செழியன்: பெல்ட்டைப் போட்டுக்க, கிளம்பலாம்.

வான்மதி: ம். பெருமாள் சந்நிதி.

செழியன்: அவருக்குக் காதும் சரியில்லை, முட்டியும் சரியில்லை.

வான்மதி: நீங்களேவா போன் பண்ணீங்க?

செழியன்: அது... இனியனுக்குப் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் புராஜெக்ட் மாறப் போகுதுன்னு சொன்னாங்க. பிராக்டீஸுக்குப் பக்கமா இருக்கட்டுமேன்னு...

வான்மதி: இன்னும் நம்ம அபார்ட்மென்ட்லதான், எதிர் பில்டிங்ல இருக்கான். காலையில பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல உங்க ட்ரெயின்தான் ஏறறான்.

செழியன்: அவன் எந்த ட்ரெயின் ஏறறான்னு உனக்கு எப்படித் தெரியும்?

வான்மதி: அடேங்கப்பா, குரல் மாறுதே.

செழியன்: இல்ல, எப்படித் தெரியும்னுதான் கேக்கறேன்.

வான்மதி: பால்கனியில நின்னா நீங்க ரெண்டு பேரும் போறது தெரியாதா? ஏங்க அவனைக் குடுத்தீங்க?

செழியன்: விடு மதி. முடிஞ்சு போச்சு.

வான்மதி: கப்பு போச்சு, கண்ணாடி போச்சு, சங்கத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்காவது சொல்லக் கூடாதா?

செழியன்: நீதான் காரணம். போதுமா?

வான்மதி: நானா?

செழியன்: நீதான். மேட்ச் அன்னிக்கு நீ கட்டிக் குடுக்கற சாப்பாட்டுல, என் டப்பாவுல புளிசாதம். அவன் டப்பாவுல புளிசாதம், மேல உருளைக்கிழங்கு பொரியல். நான் பார்க்கலைன்னு நினைச்சியா?

வான்மதி: பேச்சிலர் பையன்...

செழியன்: ஆதிஃபும் பேச்சிலர்தான்! அவனுக்குப் பொரியல் போச்சா? மே மாசம் நான் ஒரே ஒரு ஹோம் ரன் அடிச்சேன். வாழ்க்கையிலேயே ஒண்ணு. ஓடி முடிச்சு உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீ என்ன பண்ணிட்டிருந்தே?

வான்மதி: ...தர்பூசணி வெட்டிட்டிருந்தேன்.

செழியன்: தர்பூசணி! அவன் கோட்டுக்கு வெளிய ஃபவுல் அடிச்சதுக்கு எழுந்து நின்னு கை தட்டினே. ஃபவுலுக்கு! எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது மதி. அவன் பேட் எடுத்தாலே உன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன், பந்தைப் பார்க்க மாட்டேன். எத்தனை கேட்ச் அதுல போச்சு தெரியுமா?

வான்மதி: கேப்டன் கண்ணுல வெயில் படுதுன்னுல்ல சொன்னாங்க.

செழியன்: கேலி பண்ணாதே. ஒண்ணு கேக்கறேன். நாலு மாசமா கேக்கணும்னு தொண்டையில நிக்குது. உண்மையைச் சொல்லிடு. உனக்கு... அந்த இனியனை...

வான்மதி: காரை ஓரமா நிறுத்துங்க.

செழியன்: கோபமா?

வான்மதி: நிறுத்துங்க. ...ம். இப்ப நான் கேக்கறேன். இனியன் வர்றதுக்கு முன்னாடி சனிக்கிழமையானா நாம என்ன பண்ணுவோம்?

செழியன்: என்ன பண்ணுவோம்... மாலுக்குப் போவோம். அப்புறம் ஸ்டேஷன் பார்க்கிங் லாட்டுக்குப் போவோம். உனக்கு டிரைவிங்...

வான்மதி: ரிவர்ஸ் எடுக்கற வரைக்கும் வந்தேன். அதுக்கப்புறம் ஏன் நின்னுபோச்சு?

செழியன்: டீம்... பிராக்டீஸ்...

வான்மதி: "இனியனுக்கு பேட் பிடிக்கத் தெரியல, நான் போய்ச் சொல்லிக் குடுக்கணும்." புதன்கிழமை பேட்டிங் கேஜ்ல அவனோட பிராக்டீஸ். வெள்ளிக்கிழமை அவனோட போன்ல ஒரு மணி நேரம். சாப்பிட உக்காந்தா இனியன் ஸ்விங் பாரு, இனியன் மணிக்கட்டு பாரு. எனக்கு வேலைக்குப் போக விசா இல்ல. கார் ஓட்டத் தெரியாது. பால் தீர்ந்தா நீங்க வர்ற வரைக்கும் பால் இல்ல. வாரம் பூரா அந்தச் சனிக்கிழமைக்காக உக்காந்திருப்பேன். அது அவனுக்குப் போச்சு.

செழியன்: சொல்லியிருக்கலாமே, மதி.

வான்மதி: சொன்னேனே. மூணு தடவை. "இந்த சீசன் முடியட்டும்"னீங்க.

செழியன்: ...அவன்தான் ஜூன்லயே போயிட்டானே.

வான்மதி: போனான். உடனே திருமூர்த்தி அண்ணனுக்கு ஓடக் கத்துக்குடுக்கக் கிளம்பிட்டீங்க. அதான் சிரிச்சேன். நான் போட்ட கணக்கு இப்படிப் போயிடுச்சேன்னு சிரிச்சேன்.

செழியன்: என்ன கணக்கு? புரியல. அப்போ அந்த உருளைக்கிழங்கு... அந்தக் கைதட்டல் எல்லாம்?

வான்மதி: உங்களுக்குத்தான். நீங்க வயிறெரிஞ்சு அவனை எங்கயாவது தள்ளி விடணும்னு வாரா வாரம் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அவன்மேல பொறாமை உங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சீங்களா?