மாப்பிள்ளை சொன்ன எஞ்சின்

குர்லா போகிற வண்டியில் பெண்கள் பெட்டி. எதிரே தாராவிப் பக்கத்து அக்காவும் தங்கையும். நான் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவரு ஜெர்மன்காரனோட கரி ரயில் எஞ்சினைப் பத்தியே பேசுனாருக்கா."

"வேற பேச்சே கிடைக்கலியாட்டி?"

"சண்டைக்காலத்துல அவசரமா செஞ்சதாம். இரும்பு பத்தலன்னு எல்லாத்தையும் குறைச்சுட்டானாம். ஆனா ஓட்டுறவங்க நிக்கிற இடத்தை மட்டும் நாலு பக்கமும் அடைச்சுக் குடுத்தானாம், பனியில விறைக்கக் கூடாதுன்னு."

"அதை விடு. அம்மா பதிலுக்குக் காத்திருக்கா. கோவண்டியில ஒத்த ரூமுதானாமே அவருக்கு?"

"அதைச் சொல்லத்தான்க்கா எஞ்சினைச் சொன்னாரு. 'நம்மகிட்டயும் ஒண்ணும் இருக்காது. ஆனா மழைக்கு ஒரு சொட்டு ஒழுக விடமாட்டேன்'ன்னாரு."

 அக்கா போனை எடுத்தாள்.

"யம்மா, சரின்னு சொல்லிரு. மாப்பிள்ளைக்கு எஞ்சின் கிறுக்குதான். நம்ம பிள்ளைக்கும் தொத்திக்கிட்டு."