பச்சை முடிச்சு

பீனிக்ஸ் என்ற தீவு நகரத்தில் கிளம்பிய மாலை பஸ். என் முன் இருக்கையில் ஸ்வெட்டர் ஆலைப் பெண்கள் இருவர் உள்ளூர் மொழியான கிரியோலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ் வாத்தியாராக இந்தத் தீவுக்கு வந்து மூன்று வருஷம் ஆயிற்று. எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

"வியன்னாவுல இறங்கினதும் முதல்ல ஆளுங்க பிடரியைத்தான் பார்ப்பேன்" என்றாள் இளையவள்.

"அரண்மனையெல்லாம் இருக்காம். அதை விட்டுட்டுப் பிடரியா?"

"நம்ம ஸ்வெட்டர் அங்கதானே போகுது. நான் கழுத்துப்பட்டி தைக்கிற ஒவ்வொண்ணுலயும் உள்பக்கம் பச்சை நூல்ல ஒரு முடிச்சு போட்டுவிடறேன். ரெண்டு வருஷமா."

"சூப்பர்வைசர் பார்க்கலையா?"

"லேபிளுக்கு அடியில யாரு பார்க்கறா?"

"அங்க மட்டும் எவன் கழுத்தைத் திருப்பிக் காட்டுவான்?"

"எங்க அக்கா வீட்டுக்காரர் அந்த ஊர்தானே. அவரைக் கேட்கச் சொல்வேன்."

"லீவு?"

"குடுத்துட்டாங்க. தை மாசக் காவடி முடிஞ்சதும் மூணு வாரம். அங்க அப்ப நல்ல குளிராம், எல்லாரும் போட்டிருப்பாங்க."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்புக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"நாளையிலேர்ந்து நான் சிவப்பு முடிச்சு போடறேன். அதையும் தேடிப் பாரு."