பாதையில் வந்த ஆள்

மாலை ஐந்தரை இருக்கும். நம் தீவில்தான் அதற்குள் இருட்டிவிடுமே! ஹட் பே ஊரைத் தாண்டி, கைவிட்டுப்போன எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் போகிற மண் ரோடு... ஈ காக்கை இல்லை. அதில் தனியாகப் போனான் நந்தகுமார், நம்ம சிவப்பிரகாசத்தின் மச்சினன்.

அங்கே ஓடையிலிருந்து முதலை ஏறும். அதைப் பார்த்துச் சொல்லக் கம்பத்துக்குக் கம்பம் கேமரா வைத்த ஏஐ பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே வயர்லெஸ் சேனல். ஒன்று பேசினால் மற்றவை வாயை மூட வேண்டும். அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. வங்காளியும் தெலுங்கரும் நாமும் கடைத்தெருவில் இந்தி பேசிச் சமாளிக்கிறோமே, அப்படி அவற்றுக்கு ஒரு பொதுப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவன் இவன்தான். படம் அனுப்பினால் சேனல் அடைத்துக்கொள்ளும் என்று 'முதலை', 'ஆள்', 'ஒன்றுமில்லை' என ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டான். பாதையில் எது நடமாடினாலும் அதன் கடைசியில் இருக்கிற கட்டுப்பாட்டு அறைக் கதவு பூட்டிக்கொள்ளும். காலி என்று பாதையில் இருக்கிற எல்லாப் பெட்டியும் சொன்னால்தான் திறக்கும். அதுவும் இவன் புத்திசாலித்தனம்தான்!

அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தான். 'டக்'... கதவு பூட்டிக்கொண்டது.

திரையில் ஓடைப் பெட்டி: 'ஆள்.'

கொஞ்சம் பொறுத்து அடுத்த கம்பம்: 'ஆள்.' அதற்கடுத்ததும்... அறையை நோக்கித்தான் வருகிறது. கதவை இழுத்தான், உதைத்தான். இரும்புக் கதவு. ஜன்னலும் கிடையாது. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வேலை பார்க்கிற சிநேகிதனை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான்.

"ஃபைசான், உள்ள மாட்டிக்கிட்டேன்டா. பாதையில வர்றது நீயா?"

"நான் ஜெட்டிலதான் இருக்கேன்டா. அங்க இப்ப எவன் வருவான்?"

"சீக்கிரம் வாடா..." பாவம், அழுதேவிட்டான்.

வாசல் பெட்டியும் 'ஆள்' என்றது. யாரென்று பார்த்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் அதனிடம் படம் கேட்டான். அங்கேதான் தப்புப் பண்ணினான். படம் வரி வரியாக மேலிருந்து இறங்கியது. அது முடியும்வரை வேறு எந்தப் பெட்டியாலும் பேச முடியாது. வந்தது இப்போது எங்கே நிற்கிறது...? சொல்ல நாதியில்லை. மின்விசிறி 'கிர்ர்... கிர்ர்' என்றது. குப்பென்று சதுப்புச் சேற்று நாற்றம்.

படத்தில் மேலே இருட்டு. நடுவே காலி வாசல். கடைசியில் தரை... சேற்றுக் காலடிகள் கதவு வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

சேனல் விடுபட்டதும் காத்துக் கிடந்த பெட்டிகள் வரிசையாகச் சொல்லின. 'ஒன்றுமில்லை.' 'ஒன்றுமில்லை.' 'ஒன்றுமில்லை.' 'டக்'... பூட்டு திறந்தது. அப்பாடா என்று எழுந்தான். போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

இன்னும் ஒரு பெட்டி பேச வேண்டியிருந்தது. அறைக்குள், அவன் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. உள்ளே எத்தனை பேரோ அத்தனை தரம் சொல்வது அதன் வழக்கம்.

'ஆள்' என்றது. அது இவன்.

கொஞ்சம் நிறுத்தி... மறுபடியும் 'ஆள்' என்றது.