பதினேழு பேருக்கு நன்றி

எனக்கு நன்றியுரை என்றால் உயிர். விழா எப்படிப் போனாலும் பரவாயில்லை, கடைசியில் ஒலிவாங்கியைப் பிடித்து ஒரு பெயரும் விடுபடாமல் சொல்லி முடித்துவிட்டால் அன்றைக்கு எனக்கு இரட்டைப் பசி எடுக்கும். எங்கள் தேவாலயத்தின் நூற்றாண்டு மலரில், கதிரை அடுக்கியவர் முதல் ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றியவர் வரை நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு நன்றி எழுதியவன் இந்த எட்வேர்ட்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பெயர் விடுபட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். என் கையால் அப்படி ஒரு குடும்பமும் பிரிந்ததில்லை.

மட்டக்களப்பு, கிளிநொச்சி மென்பொருள் நண்பர்களே, நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கட்டற்ற மென்பொருள்காரரிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஏதாவது பிழைத்துவிட்டால், பிழை விட்டவரே நடந்ததை வரிசையாக எழுதி எல்லோருக்கும் அனுப்புவார். வாசிப்பவர் யாரும் அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. அடுத்த முறை பிழைக்காமல் இருக்கத்தான் அது. பாவமன்னிப்புக்கூட இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஆகவே மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நீர்வேலியில் பஞ்சலிங்கத்தாரின் வாழைக்குலைக் கொட்டிலில் இளம் ஆட்கள் கணினியோடு கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொழுது போகாமல் போனேன். அவருடைய மகன் கோகுலன், இருபத்தாறு வயது, ‘குருவி’ என்ற செயலியை எழுதிக்கொண்டிருந்தான். செய்தி ஒரு கைபேசியிலிருந்து பக்கத்துக் கைபேசிக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, உரியவரிடம் போய்ச் சேரும். வழியில் யாராலும் வாசிக்க முடியாது. நடுவில் ஒரு கணினியும் இல்லை, ஆகவே அரசாங்கம் பூட்டுவதற்கு ஒரு கதவும் இல்லை. காங்கேசன்துறைப் பக்கம் இராணுவம் பிடித்துவைத்த காணியைக் கேட்டுப் போராடுகிற சனம்தான் முதலில் அதைப் பாவித்துப் பார்த்துப் பிழை சொன்னது. நான் அதன் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளைத் தமிழாக்கினேன்.

பிறகு அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்தது. பதிவு செய்யாத மறைகுறிச் செயலிகள் எல்லாம் தடை. பாவித்தால் எச்சரிக்கை, செய்தாலோ செய்ய உதவினாலோ பத்து வருடச் சிறை. நண்பர்களே, அந்தக் கிழமை எங்களுக்கு இருந்த குதூகலத்தை எப்படிச் சொல்வேன். நத்தார்ப் பண்டிகைக் காலையில்கூட நான் அப்படித் துள்ளியதில்லை. இணையக் கடையிலிருந்து குருவியைத் தூக்கிவிட்டார்கள் என்றதும் கோகுலன் சிரித்தான்.

“கடையிலை இல்லாட்டி என்ன, கையாலை கையாலை குடுப்பம்.”

கொடுத்தோம். வாழைக்குலைச் சீப்புகளுக்கு நடுவே பென் டிரைவ் வைத்து லொறியில் அனுப்பினோம். தாதியாக வேலை செய்யும் தயாளினி குடையின் உட்பக்கத்தில், கைபேசியைக் காட்டினால் செயலி இறங்கும் QR கட்டத்தை ஒட்டிக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்குப் போனாள். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லாம் குருவியோடு வீட்டுக்குப் போனார்கள். நான் வெற்றிலைக் கடைக்குப் பின்னால் நின்று ஒரு காலையில் நாற்பது கைபேசிகளுக்குப் போட்டுக் கொடுத்தேன். அறுபத்திரண்டு வயதில் சட்டவிரோதியாவது எவ்வளவு சுகமான விஷயம் தெரியுமா? சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வந்தேன்.

தடைக்குப் பிறகு கோகுலன் ஒரு சட்டம் போட்டான்: செயலியின் நன்றிப் பக்கத்தில் உண்மைப் பெயர் ஒன்றும் வரக்கூடாது. கொட்டில் வாழைக் கொட்டில் என்பதால் எல்லோருக்கும் வாழைப் பெயர். அவன் கப்பல், தயாளினி கதலி. எனக்கு மொந்தன். மொந்தனைப் பழமாக யாரும் உரித்துச் சாப்பிடுவதில்லை, அது கறிக்காய். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மறைசாவி உண்டு. அது அவருடையதுதானா என்று அறிய, நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதில் இவர்கள் வலு கண்டிப்பு. பெற்ற தாய் சாட்சி சொன்னாலும் ஏற்கமாட்டார்கள், அட்டை வேண்டும். அட்டை பார்க்கும் வேலையை வயதில் மூத்தவன் என்று என்னிடம் தந்தார்கள். பதினேழு அட்டைகள். நான் எதையும் எழுதி வைக்கவில்லை. நன்றியுரைக்காரனுக்கு ஒரு தரம் பார்த்தால் போதும்.

செயலியின் புதிய பதிப்பும் செய்தியைப் போலவே கைபேசிக்குக் கைபேசி தாவும். ஆனால் கைபேசிகள் அதை ஏற்க வேண்டுமானால் அதற்கு வெளியீட்டுச் சாவியால் முத்திரை குத்த வேண்டும். அந்தச் சாவி ஒரேயொரு பென் டிரைவில் இருந்தது. அதையும் கோகுலன் என் கையில்தான் வைத்தான்.

“பொலிஸ் வந்தால் எங்கடை வீட்டைத்தான் முதல் கிண்டும். உங்களை ஆர் அங்கிள் சந்தேகப்படப் போகினம்? உங்களிட்டையே இருக்கட்டும்.”

இரண்டாம் பதிப்பு முடிந்த அன்று கொட்டிலில் தேநீரும் வடையும். என் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளில் ஒன்றும் புதிய பதிப்பில் இல்லை என்று அப்போதுதான் கண்டேன். தயாளினி எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருந்தாள்.

“குறை நினைக்காதேங்கோ அங்கிள். உங்கடை தமிழ் கலியாண அழைப்பிதழ்த் தமிழ். மீன் விக்கிற சனத்துக்கு விளங்கேல்லை.”

அவள் சொன்னது சரிதான். எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. பிறகு கோகுலன் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். கதலி, இதரை என்று போய், பதினாறு பெயர் சொல்லி, உட்கார்ந்துவிட்டான். யாரோ என்னைக் காட்டினார்கள். அவன் பாதி எழுந்து, “ஓம், ஓம், மொந்தனும்” என்றான். மறுபடியும் சிரிப்பு. எனக்கும் வயிறு நோகச் சிரிப்பு வந்தது. எனக்கு மனத்தாங்கல் இல்லை என்பதை முன்பே எழுதிவிட்டேன்.

முத்திரை குத்துவதற்காகப் பதிப்பை என்னிடம் தந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, நல்ல தேநீர் ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். வாழைப் பெயர்களைப் பார்க்க அந்தரமாக இருந்தது. இவ்வளவு பெரிய வேலை செய்தவர்களுக்கு இப்படியா நன்றி சொல்வது? ‘பஞ்சலிங்கம் கோகுலன், நீர்வேலி தெற்கு, வாசிகசாலை ஒழுங்கை, செயலியை எழுதியவர்’ என்று தொடங்கினேன். விரல்கள் தாமாகவே ஓடின. தயாளினி, அவள் வேலை செய்யும் இடம். பரிசோதித்து உதவியோர் என்று தலைப்புப் போட்டு, காணிக்காரர் ஆறு பேர், அவர்களின் ஊர். பதினேழு பேர். முத்திரை குத்தி அனுப்பினேன். அன்று மத்தியானம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் கோகுலன் சைக்கிளைப் படலையில் சாத்தக்கூட இல்லாமல் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“அங்கிள், என்ன வேலை பாத்தனீங்கள்? உடனை எடுங்கோ.”

“எடுக்கேலாது தம்பி. ஒருத்தராலையும் எடுக்கேலாத மாதிரி நீர்தானே கட்டினனீர்.”

அவன் என் கதிரையில் இருந்துவிட்டான். நெற்றி முழுக்க வேர்வை. அப்போதும் மரியாதை குறையாமல்தான் கதைத்தான்.

“சாவியைத் தாங்கோ. பேர் இல்லாமல் இன்னொரு பதிப்பு விடுறன். பழையது அழிஞ்சுபோம். இண்டைக்கே விட்டால் தப்பலாம், அங்கிள். அந்தச் சனத்துக்குப் பிள்ளை குட்டி இருக்கு.”

சாவி தேவாலய அலுமாரிக்குள் இருக்கிறது, திறப்பு போதகரிடம், அவர் புதன்கிழமைதான் வருவார் என்றேன். அவன் நம்பினான். நல்ல பிள்ளை, என்னை எப்போதும் நம்புவான். பென் டிரைவ் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அவன் குனிந்து தலையில் கை வைத்தபோது அது அவன் கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். நான் பொலிஸுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை, சத்தியமாக. தடைசெய்ததை அவர்களும் ஒரு கைபேசியில் போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கோகுலன் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. புதிய பதிப்பு அவர்களுக்குச் சேராமல் போனால் பதினேழு பேருக்குச் சொன்ன நன்றி பாதியில் நின்றுவிடும் அல்லவா? திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்துக்கு எதிர்ப் பக்கத்துப் பஸ் தரிப்பில் முக்கால் மணி நேரம் நின்றேன். கைபேசி கையில். மூன்று பஸ் போகவிட்டேன். என் கைபேசி ‘அருகிலுள்ள ஒரு கருவிக்குப் பதிப்பு சேர்ந்தது’ என்று காட்டியதும் நாலாவது பஸ்ஸில் ஏறினேன். சின்னப் பிள்ளைபோல யன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஒரே நேரத்தில் பதினேழு வீடுகளில் பொலிஸ். தயாளினியை வேலைச் சீருடையோடு ஏற்றினார்கள். கோகுலன் கொட்டிலில் குலை இறக்கிக்கொண்டிருந்தானாம்.

மத்தியானம் பஞ்சலிங்கத்தார் என்னிடம் வந்தார். காலில் செருப்பில்லை.

“எட்வேர்ட் அண்ணை, பெடியனை எங்கை கொண்டு போனவங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லீனமில்லை. உங்களுக்கு அரசாங்கக் கச்சேரியிலை ஆக்களைத் தெரியுமெல்லே.”

விசாரிப்பதாகச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“பொலிஸ்காரர் ஒரு பேப்பரைப் பாத்து வாசிச்சவங்கள் அண்ணை. என்ரை பேர், அவன்ரை பேர், ஒழுங்கைப் பேர். ஒண்டும் பிழைக்கேல்லை. இவ்வளவு வடிவா ஆர் எழுதிக் குடுத்தது?”

உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் என் நன்றியுரையை வடிவு என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். சாவி புதன்கிழமையும் என்னிடம்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது.

கிளிநொச்சி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார், பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் ஏன் இல்லை என்று. நன்றியுரை சொல்பவன் தனக்குத்தானே நன்றி சொல்லிக்கொள்வதில்லை. அவன் முடித்த பிறகு சபையிலிருந்து வேறு யாராவது எழும்பி அவன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்பது நாளாகக் காத்திருக்கிறேன், இன்னும் ஒருவரும் எழும்பவில்லை.