மைக் செட்டுக்கு ஒரு பெட்டி

மாயக்காள்: இதுவும் ஆகாதா?

ஒச்சாண்டி: ஆகாது புள்ள.

மாயக்காள்: இன்னும் கையிலகூட வாங்கல மச்சான். வாசப்படியில வச்சே ஆகாதுன்னா எப்படி?

ஒச்சாண்டி: பாத்தாலே தெரியுதுல்ல. பலாப்பலகைப் பெட்டி. மைக் மிஷினு ஓடுனா உள்ள இருக்குற கண்ணாடி வால்வெல்லாம் அடுப்பாக் காயும். அந்தச் சூடு வெளிய போக வழி வேணாமா?

மாயக்காள்: ஓட்டை போடுங்க.

ஒச்சாண்டி: பலாப்பலகையில ஓட்டை போட்டா... கீறல் விட்ரும்.

மாயக்காள்: யாரு சொன்னா? இதைச் செஞ்ச சின்னமனூர் ஆசாரியா?

ஒச்சாண்டி: ...நான் சொல்றேன்.

மாயக்காள்: சரி சாமி, நீங்க சொன்னாச் சரிதான். பலவேசம் டீக்கடையில கெஞ்சிக் கூத்தாடி தேயிலைப் பெட்டி வாங்கியாந்தேனே, அது?

ஒச்சாண்டி: அதுக்குள்ள பூரா ஈயத்தாளு ஒட்டியிருக்கு. ஒயர் அதுல பட்டுச்சுன்னா பொறி பறக்கும்.

மாயக்காள்: தாளை உரிச்சுட்டா?

ஒச்சாண்டி: உரிச்சா... தேயிலை வாசம் போகாதுல்ல.

மாயக்காள்: மைக்கு வழியா வாசமும் வருமாக்கும்?

ஒச்சாண்டி: கேலி பண்ணாத.

மாயக்காள்: மண்ணெண்ணெய் டின்னு?

ஒச்சாண்டி: அது மேளம். மைக்குல ஒருத்தர் பேசுனா, டின்னு கூடவே தடதடன்னு தாளம் போடும்.

மாயக்காள்: மதுரை மொதலாளி என்ன சொன்னாக? எங்க அப்பாவை வச்சுக்கிட்டு?

ஒச்சாண்டி: இப்ப எதுக்கு அது?

மாயக்காள்: சொல்லுங்களேன்.

ஒச்சாண்டி: "ஒயரும் வால்வுமா அம்மணமாக் கெடக்குற மிஷினை நான் பாக்க மாட்டேன். ஒழுங்கா ஒரு பெட்டிக்குள்ள அடக்கி, அமாவாசைக்குள்ள மதுரைக்குக் கொண்டா. பாடுச்சுன்னா அன்னைக்கே என் மைக் செட்டுக் கடையில வேலை"ன்னாக.

மாயக்காள்: அமாவாசை என்னைக்கு?

ஒச்சாண்டி: ...நாளைக்கு.

மாயக்காள்: அதுக்கு நீங்க என்ன சொன்னீக?

ஒச்சாண்டி: கண்டிப்பா வாரேன்னேன். மாமா பக்கத்துல நின்னு மீசையைத் தடவிக்கிட்டு இருந்தாக. வேற என்னத்தச் சொல்ல? ஏன், நீயுந்தான சொன்ன? "போயிட்டு வாங்க, அப்பாவையும் தோட்டத்தையும் நான் பாத்துக்கிருவேன், மாசம் ஒருக்கா வந்தாப் போதும்"னு.

மாயக்காள்: சொன்னேந்தான். சண்டை முடிஞ்சு பட்டாளத்துச் சாமான் ஏலம் விட்டதுல இருந்து, கண்டதையும் பொறுக்கியாந்து சோறு தண்ணி மறந்து செஞ்ச மிஷினு. ஒரு பெட்டி இல்லாம வேலை போச்சுன்னு ஆகலாமா?

ஒச்சாண்டி: ஆகக் கூடாதுதான். ஆனா பெட்டி அமையணும்ல... பொண்ணு அமையிற மாதிரி.

மாயக்காள்: பொண்ணுக்குக்கூட நீங்க இம்புட்டு நொட்டை சொல்லல.

ஒச்சாண்டி: பொண்ணுல நொட்டை இல்லையே.

மாயக்காள்: ...ம்க்கும். பேச்சை மாத்தாதீக. அந்தா, அங்கன கெடக்குற சாக்கை விலக்கிப் பாருங்க.

ஒச்சாண்டி: என்னது இது... ஏ! இதை எங்கன புடிச்ச?

மாயக்காள்: சின்னக்கருப்பு சித்தப்பா வீட்டுல. பட்டாளத்துல இருந்து வந்தப்பக் கொண்டாந்தாகளாம். உள்ள கோழி படுத்துக் கெடந்துச்சு. அதை எழுப்புறதுக்குள்ள கையில ரெண்டு கொத்து.

ஒச்சாண்டி: ஒயர்லெஸ் மிஷினு வச்ச பெட்டி புள்ள! முழு இரும்பு. பாரு, சூடு போக ரெண்டு பக்கமும் கீத்துக் கீத்தா வெட்டியிருக்கான். உள்ள தண்டவாளம் மாதிரி ஓடுது பாத்தியா? மிஷினை மேசை டிராயர் கணக்கா அப்படியே தள்ளி, முன்னாடி நாலு திருகு முடுக்குனா அசையாது.

மாயக்காள்: அப்பத் தள்ளுங்க.

ஒச்சாண்டி: இப்பயேவா?

மாயக்காள்: காலையில பஸ்ஸு வந்துரும்ல. புடிங்க, இந்தப் பக்கம் நான் தூக்குறேன்.

ஒச்சாண்டி: மெல்ல... மெல்ல... ஏ, வால்வு! வால்வு!

மாயக்காள்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... உள்ள போயிருச்சு.

ஒச்சாண்டி: ...போயிருச்சு.

மாயக்காள்: அளவெடுத்துச் செஞ்சாப்புல இருக்கு. சந்தோசமா?

ஒச்சாண்டி: ம்.

மாயக்காள்: என்ன, ம்?

ஒச்சாண்டி: நல்லாத்தான் இருக்கு... ஆனா...

மாயக்காள்: ஆனா?

ஒச்சாண்டி: பெயிண்டு.

மாயக்காள்: பெயிண்டா?

ஒச்சாண்டி: பட்டாளத்துப் பச்சை. மதுரைக்காரவுகளுக்குப் பிடிக்காது.

மாயக்காள்: மச்சான்... அதை என் மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

ஒச்சாண்டி: சிரிக்காத புள்ள.

மாயக்காள்: சிரிக்கல. சொல்லுங்க.

ஒச்சாண்டி: ...எனக்குப் போக மனசில்ல. போதுமா? மாசம் ஒருக்கா வந்து விருந்தாளி மாதிரி உன்னைப் பாத்துட்டுப் போற பொழப்பு எனக்கு வேணாம். மாமாவுக்கு முன்னாடி வாய் குடுத்துட்டேன். நீயும் போங்கன்னுட்ட. பெட்டி கெடைக்கலன்னு சொல்லிட்டா யாருக்கும் சடவு வருத்தம் இல்லாமப் போயிரும்னு பாத்தேன்.

மாயக்காள்: அப்ப, பலாப்பலகை கீறல் விடாதா?

ஒச்சாண்டி: விடாது.

மாயக்காள்: மண்ணெண்ணெய் டின்னு?

ஒச்சாண்டி: அது நெசமாவே ஆகாது. அது மட்டும் பொய்யில்ல.

மாயக்காள்: தேயிலைப் பெட்டி?

ஒச்சாண்டி: உள்ள ஒரு அட்டையை வச்சு மறைச்சாப் போதும். ஈயத்தாளு இருக்குறதே நல்லது, இரைச்சல் கொறையும்... கோவப்படாத புள்ள. தேனியில இருந்து கம்பம் வரைக்கும் எம்புட்டுக் கோயில் பொங்கல், எம்புட்டுக் கல்யாணம்! மைக்கு வேணும்னா எல்லாரும் மதுரைக்குத்தான ஓடுறாக? இங்கனயே வச்சுப் பொழச்சுக்கிரலாம். மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன். உன்னைத்தான் பாவம், ஊர் பூராம் அலைய விட்டுட்டேன்.

மாயக்காள்: அட்டைகூட வேணாம். ஓலைத் தடுக்கு வச்சாலே நல்லாப் பாடுது.

ஒச்சாண்டி: எது?

மாயக்காள்: தேயிலைப் பெட்டிதான்.

ஒச்சாண்டி: உனக்கு எப்படித் தெரியும்?

மாயக்காள்: வாங்கியாந்த மறுநாள், நீங்க தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போனீகல்ல? அப்ப வச்சுப் பாத்தேன். நீங்க மாட்டுற மாதிரியே ஒயரை மாட்டி, வால்வு சூடேறுற வரைக்கும் இருந்து, மைக்குல "மச்சான்"னு கூப்பிட்டேன். தொழுவத்துல மாடு திரும்பிப் பாத்துச்சு.

ஒச்சாண்டி: அடிப்பாவி! அப்பப் பெட்டி அன்னைக்கே அமைஞ்சு போச்சே! தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி வீடு வீடா ஏறி எறங்குன? கோழிகிட்ட எதுக்குக் கொத்து வாங்குன?

மாயக்காள்: நீங்க ஒவ்வொரு பெட்டியா நொட்டை சொல்லித் தள்ளத் தள்ள, எனக்கு உள்ளுக்குள்ள எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? அதைக் கேக்கத்தான் அலைஞ்சேன் மச்சான்.