பூச்சி மருந்து

காகிதம் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மிப்ரான் ஐயா. பேனையும் நல்ல பேனை. ஆய்வுகூடத்தில் எங்களுக்குக் கொடுப்பவை பாதிப் பக்கத்திலேயே நின்றுவிடும். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தை இரண்டு தடவை வாசித்தேன். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கக் கொடுத்த மருந்தை, மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கருப்பம்மா என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண், பெயர்க் குழப்பத்தால் குடித்துவிட்டார். கொடுத்த கிருஷ்ணராஜின், அதாவது என், கவனக்குறைவே காரணம் என்கிறது அது. இதில் கையெழுத்துப் போட்டால் வழக்கு சின்னதாகிவிடும் என்று நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் அந்தக் "கவனக்குறைவு" எனக்குப் பொறுக்கவில்லை. பதினொரு வருடமாக ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். ஒரு தட்டில்கூட லேபிள் மாறியதில்லை.

பதுளையில் நாங்கள் செய்யும் வேலையை முதலில் சொல்கிறேன். மூலிகைகளைக் காயவைத்து, அரைத்து, ஊறவைத்துச் சாறு வடிப்போம். சாற்றில் நனைத்த சின்னத் தாள் வட்டை, கிருமி வளர்கிற கண்ணாடித் தட்டில் வைப்போம். மறுநாள் வட்டைச் சுற்றி வெறும் வளையம் தெரிந்தால் அங்கே கிருமி செத்திருக்கிறது என்று அர்த்தம். முப்பத்தொன்பது செடிகள் என்னை ஏமாற்றின. நாற்பதாவது, ஹல்துமுல்லைக்குக் கீழே ரோட்டோரத்தில் நானே பறித்தது, இருபத்தாறு மில்லிமீட்டர் வளையம் போட்டது. அதே சாற்றைப் போஞ்சிச் செடியின் இலையில் விட்டேன். இலையில் சாறு உறிஞ்சும் அசுவுணிப் பூச்சிகள் ஒரு மணி நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. செடியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இன்னும் பிரசுரமாகவில்லை, இந்தக் காகிதம் எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பொறுப்பாளர் டாக்டர் யசோதினி வளையத்தைப் பார்த்தார். அளவுகோலை வைத்து அளந்தும் பார்த்தார்.

"தட்டுல கொல்றது பெரிய விசயமில்ல கிருஷ்ணராஜ். குடிக்கிற உடம்பு தாங்குமா? அதக் காட்டாம ஆய்விதழ்ல யாரும் இதப் போட மாட்டாங்க" என்றார்.

சரி, எலியில் காட்டுகிறேன் என்று நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பக்க எண் இல்லையென்று திரும்பி வந்தது. எண் போட்டு அனுப்பினேன். கையெழுத்து நீல மையில் இருக்க வேண்டுமாம். மூன்றாவது தடவை குழுவில் ஆள் போதவில்லை என்று கூட்டமே நடக்கவில்லை. நான்காவது தடவை, விண்ணப்பம் காலாவதியாகிவிட்டது, புதிதாக எழுதுங்கள் என்றார்கள். காலாவதியாக்கியது யார்? ஒன்றரை வருடம் போய்விட்டது. எலிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஏழு பேர் கவலைப்பட்டார்கள். என் வாழ்க்கை பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. எனக்கு வெறுத்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கலாராணி போன் பண்ணினாள். அவள் இன்னமும் மடுல்சீமையில் நாங்கள் பிறந்த லயத்திலேயே இருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள் உள்ள லயம். கருப்பம்மா அக்காவின் வீடு அவளுக்கு அடுத்தது.

"தோட்டத்து டிஸ்பென்சரியில பூச்சி மருந்து முடிஞ்சிருச்சுண்ணே. புள்ளைங்களுக்கு விடுங்க, பெரியவங்களுக்கே வயித்துல ஒரே தொந்தரவு. டவுன்ல கெடைக்குமா?" என்று கேட்டாள்.

ஐயா, நீங்கள் டவுன்காரர். லயத்தில் போஞ்சிக்கு அடிப்பதும் பூச்சி மருந்துதான், வயிற்றுப் பூச்சிக்குக் குடிப்பதும் பூச்சி மருந்துதான். இதைத்தான் பெயர்க் குழப்பம் என்கிறீர்கள். அவர்களுக்கு அதில் குழப்பமே கிடையாது. கொடுக்கிற ஆளையும் கொடுக்கிற விதத்தையும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நானும் அந்த லயத்துப் பிள்ளை.

கையிலிருந்த சாறு ஒரு போத்தலுக்குத்தான் போதுமாக இருந்தது. மற்ற ஐந்திலும் சாயம் கலந்த தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தச் சோதனையும் செல்லாது. ஆறிலும் "பூச்சி மருந்து" என்று லேபிள் ஒட்டினேன். "மரக்கறிக்கு" என்று இன்னொரு சொல் எழுத இடமிருந்தது. எழுதவில்லை. எந்த வீட்டுக்கு எந்தப் போத்தல் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்தேன். எனக்கு யார்மீதும் கோபமில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், கவனிக்க வசதி. கருப்பம்மா அக்கா போத்தலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா தம்பி?"

"வெறும் வயித்துலக்கா. ரெண்டு மூடி."

"கசக்குமோ?"

"மூலிகை தானேக்கா. கொஞ்சம் கசக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே என் முன்னாலேயே குடித்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குப் போனார். அப்போது மணி ஒன்பது பத்து. ஒன்பது ஐம்பதுக்கு வாந்தி. பத்தரைக்குக் கண் மங்குகிறது என்றார். போத்தல் கொடுத்தபோது வீட்டில் இல்லாத அவர் புருஷன் நல்லையா அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போக வேன் பிடித்து வந்தார். அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வேன் நடந்துதான் போகும். வழி முழுக்க நான் அக்காவின் கையை விடவே இல்லை, பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது என்று நல்லையா அண்ணன் உங்களிடம் அழுதாராம். அவர் பாவம். நான் நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா என்ன குடித்தார் என்று அவர் மூன்று தடவை கேட்டார். தெரியவில்லை என்றேன். சொல்லியிருந்தால் வழியிலேயே ஏதாவது கொடுத்திருப்பார்கள், அளவீடு கெட்டிருக்கும். பதினொன்று நாற்பதுக்கு நாடி நின்றது. எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதை நனைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் குடித்த ஐந்து வீட்டிலும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றுதான் டாக்டர் யசோதினி சொல்வார். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

சாறு ஆளைக் கொல்லும் என்று முன்பே தெரியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே கொடுத்தேன். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று மனதார நம்பினேன். இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

நீங்கள் எதையும் மறைக்கக் கூடாது என்றதால் இதையும் எழுதிவிடுகிறேன். சீட்டை இரண்டு தடவை குலுக்கினேன். முதல் தடவை கலாராணியின் பெயர் வந்தது.