ஒரு ஆழாக்கு அரிசி

மத்தியான வேளை எண்ணூர் பஸ். எனக்கு முன் சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர், காலிக் கூடைகளை மடியில் வைத்தபடி இருந்தார்கள். நான் பேப்பரை விரித்திருந்தேன். இந்த வார்த்தை காதில் விழுந்த பிறகு ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"ஒரு வருசமா ரெண்டு பேரு சோத்த நான் ஒருத்தியே துன்னுகினு இருந்தேன்க்கா." சொன்னவள் பருமனாக இருந்தாள்.

"ஏண்டி?"

"கடலுக்குப் போன ஆளு பொணமாக்கூட வரல. அவருக்கு இல்லாம எப்டி ஒல வைக்கிறது? தெனமும் ரெண்டு ஆழாக்கு போட்டேன். சாங்காலம் வரைக்கும் அவரு பங்க மூடி வச்சிருப்பேன். அப்பறம் பசி இல்லன்னாலும் நானே துன்னுடுவேன். மூச்சு முட்டும், கை நிக்காது."

"பக்கத்து வூட்டுக்குக் குடுக்கறது."

"அவரு சோத்தயா?"

மூத்தவள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். "தெருவுல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

"தெரியும்க்கா. புருசன் போனதும் நல்லா துன்னு கொழுத்துட்டான்னு."

திருவொற்றியூரில் கூட்டம் இறங்கியது. அவள் குரல் தணிந்தது.

"முந்தாநாளு ஒரு ஆழாக்குதான் போட்டேன். ஒக்காந்து, மெதுவா துன்னேன். வயிறு ரொம்பிச்சி. எழுந்து கை கழுவிட்டேன். நேத்தும் அப்டித்தான்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

"ஒருவேள வந்துட்டாருன்னா?"

இளையவள் கூடையில் காய்ந்து ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள்.

"வந்தா மறுபடி ஒல வைக்கிறேன். அரிசி வேக எம்மா நேரம் ஆவப்போவுது."